வேளைக்கீரை: குப்பைமேட்டிலிருந்து ஒரு வரலாறு

மிளகுக்கு வரலாறு உண்டு. கறுவாவுக்கும் தேயிலைக்கும் உண்டு. அவற்றுக்காகக் கப்பல்கள் ஓடின, கோட்டைகள் எழுந்தன, மனிதர்கள் ஆயிரக்கணக்கில் கடல் கடத்தப்பட்டார்கள். வரி வந்தது; வரி வந்தபடியால் கணக்கு எழுதப்பட்டது; கணக்கு இருந்தபடியால் பின்வந்தவர்கள் வரலாறு எழுதினார்கள். யாரும் விதைக்காத, எந்த அரசும் வரி விதிக்காத, எங்கள் சந்தைகளில் எவரும் விலை கூறாத ஒரு செடிக்கு வரலாறு எழுதமுடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். எமது மொழியின் மிகப் பழைய பாடல்களுக்குள்ளேயே அந்தச் செடி நிற்கிறது. அதே செடியை இன்று ஆபிரிக்காவின் பாதி நாடுகளில் உண்கிறார்கள். நாங்கள்தான் அதைக் கண்டும் காணாமல் கடந்து போகிறோம்.

வேளைக்கீரை பற்றியே எழுதுகிறேன். வேளை என்றதும் எங்களில் பலருக்குச் செடி நினைவுக்கு வராது, நேரம்தான் நினைவுக்கு வரும். மாரி தொடங்கி மண் நனைந்ததும் குப்பை கொட்டும் மூலையில், மாட்டுக்கொட்டிலின் பின்புறத்தில், இடிந்த சுவரின் அடியில் தானாக முளைக்கும். இடுப்பளவுக்கு வளரும். ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள், விரித்த கைவிரல்கள் போல. தண்டில் மெல்லிய மயிர்கள். தொட்டால் சற்று ஒட்டும், காரமான ஒரு மணம் கையில் நிற்கும். பூ வெள்ளை. மகரந்தக் கம்பிகள் நீண்டு வெளியே நிற்பதால் ஆங்கிலேயர் இதைப் பூனைமீசை என்றார்கள். நல்வேளை, தைவேளை என்பனவும் இதன் பெயர்களே. மஞ்சட் பூப் பூக்கும் நாய்வேளை இதன் உறவு. அது வேறு செடி.

கொச்சியில் ஒல்லாந்தரின் ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீட் என்பவர் மலையாளக் கரையின் செடிகொடிகளைப் படத்தோடு பதிவுசெய்து பன்னிரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற அந்நூல் 1678க்கும் 1693க்கும் இடையில் ஆம்ஸ்ரடாமில் அச்சாகியது. அதில் இச்செடி ‘காரவேள’ என்ற ஊர்ப்பெயருடனேயே இருக்கிறது. பெயர்களையும் குணங்களையும் சொல்லிக்கொடுத்தவர்கள் இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்கள். 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் இதற்கு ‘கிளியோமே கைனாண்ட்ரா’ என்று பெயர் வைத்தார். பெண்ணும் ஆணும் சேர்ந்தது என்பது பின்பாதியின் பொருள். பூவில் சூலகத்தின் காம்பிலிருந்தே மகரந்தக் கம்பிகள் புறப்படுவதுபோலத் தோன்றுவதால் வந்த பெயர். நூலுக்குள் புகுந்த வரலாறு அவ்வளவுதான். அடுப்படியில் நடந்த வரலாறு அதைவிட நீளமானது.

*

சங்கப் பாடல்களில் வேளை வருகின்ற இடங்களில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு சமூகத்தின் குறுக்குவெட்டு கிடைக்கிறது.

முதலாவது புறநானூறு 215. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விடத் தீர்மானித்த வேளையில், பாண்டி நாட்டிலிருந்து தன் நண்பன் பிசிராந்தையார் வந்தே தீருவார் என்று சொல்லும் பாட்டு. நண்பனின் ஊரைச் சொல்லவந்த அரசன் அந்த நாட்டின் முத்தையோ யானையையோ சொல்லவில்லை, சாப்பாட்டைச் சொல்கிறான். எருத்தூள் படிந்த தெருவில் செழித்து நிற்கும் வேளையின் வெள்ளைப் பூவை வெண்தயிரில் சேர்த்து, வரகரிசியோடு இடைப்பெண் ஒருத்தி ஆக்கிய புளிக்கூழ். அவரை கொய்கிற கூலியாட்கள் அதை வயிறாரக் குடிக்கிறார்கள். சாகப்போகிற அரசனின் நினைவில் அது ஒரு நல்ல நாட்டின் அடையாளம்.

இரண்டாவது 246ஆம் பாட்டு. பூதப்பாண்டியன் இறந்ததும் அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயப் புறப்படுகிறாள். தடுக்க வந்த சான்றோரை அவள் கடிந்து பாடியது. கைம்பெண்ணாக இருந்தால் தனக்குக் காத்திருக்கும் வாழ்வை வரிசையாகச் சொல்கிறாள்: நெய் படாத, கையால் பிழிந்த சோற்றுருண்டை, வெள்ளை எள்ளின் துவையல், புளி விட்டு அவித்த வேளை, பாய் இல்லாமல் பருக்கைக் கல்லில் படுக்கை. அதைவிடத் தீ மேல் என்கிறாள். இந்தப் பாட்டைப் பலரும் கற்பின் பெருமையாகவே படித்து வந்திருக்கிறார்கள். எனக்கு அது ஒரு சாப்பாட்டுச் சட்டத்தின் சாட்சியமாகத் தெரிகிறது. எந்தப் பெண் எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது என்று ஊர் விதித்த சட்டம். அந்தச் சட்டத்தின் தட்டில் வேளை கிடக்கிறது.

மூன்றாவது பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. இன்றைய திண்டிவனத்துப் பக்கமாக இருந்த ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனை நத்தத்தனார் பாடியது. பரிசு பெறுவதற்கு முன் பாணனின் வீடு இருந்த நிலை அதில் வருகிறது. குட்டி போட்ட நாய் பால் சுரக்காமல் குரைக்கிறது. கூரை சிதைந்து கிடக்கிறது. கரையான் அரித்த இடத்தில் காளான் பூத்திருக்கிறது. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளிவந்து உப்பில்லாமல் அவிக்கிறாள். பிறகு அறியாதவர் கண்ணில் படுவதற்கு வெட்கப்பட்டு வாசற்கதவைச் சாத்திவிட்டு, சுற்றம் முழுவதோடும் அதைப் பகிர்ந்து உண்கிறாள்.

இந்த மூன்று சமையலையும் குசினியில் நிற்கும் ஒருவனாகப் பார்க்கிறேன். கீரை மூன்றிலும் ஒன்றுதான். கூலியாட்களின் கூழில் தயிர் இருக்கிறது. கைம்பெண்ணின் தட்டில் நெய் மறுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் புளி இருக்கிறது. பாணன் வீட்டில் புளி பற்றிய பேச்சே இல்லை, உப்பும் இல்லை. கீரையைக் குப்பையில் கிள்ளலாம். உப்பை அப்படி எடுக்கமுடியாது. கடற்கரையிலிருந்து வண்டி கட்டி வந்த உமணரிடம் நெல்லைக் கொடுத்துத்தான் உப்பு வாங்கவேண்டும். நெல் இல்லாத வீட்டில் உப்பும் இல்லை. வேளையை ஏழைக்கீரை என்று சொல்வது அதனால் அரைகுறைப் பேச்சு. கீரைக்குப் பக்கத்தில் என்ன இருந்தது, என்ன இல்லாமல் போனது, கதவு திறந்திருந்ததா சாத்தியிருந்ததா என்பதிலேயே ஏழ்மை இருந்தது.

நான்காவது இடத்தில் மனிதர் எவரும் உண்ணவில்லை. புறநானூறு 23, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைக் கல்லாடனார் பாடியது. அவன் படை பகைவர் நாட்டை அழித்த விதத்தைச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு, தான் கடந்துவந்த ஆளற்ற காட்டுவழியில் முடிகிறது. பூளைச்செடி நீண்டு வளர்ந்த அச்சந்தரும் பாழ்நிலம். ஆண்மானைப் புலி கொண்டுபோய்விட்டது. குட்டியை அணைத்தபடி நிற்கும் பெண்மான் வேளையின் வெள்ளைப் பூவைக் கறித்துக்கொண்டிருக்கிறது. போர் முடிந்த நிலத்தின் படம் இதைவிடச் சிறிதாகவும் சரியாகவும் வேறெங்கும் வரையப்பட்டிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எருத் தெரு, குப்பை, ஆள் போன பாழ்நிலம் என்று புலவர்கள் சொன்ன இடங்கள் கற்பனையல்ல. உரமேறிய, நைதரசன் மிகுந்த, கிளறப்பட்ட மண்ணை வேளை விரும்புகிறது. அப்படிப்பட்ட மண்ணை உண்டாக்குபவர்கள் மனிதரும் மாடுகளும். ஆகையால் மனிதர் குடியிருந்த இடத்தில் அது வரும். மனிதர் போன பிறகும் சில காலம் அங்கேயே நிற்கும்.

*

பாரிஸில் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை செய்கிறேன். என்னோடு காய்கறி வெட்டுபவர் புர்கினா பாசோ நாட்டவர், மோஸி இனத்தவர். வேலையற்ற நேரத்தில் ஊர்ச் சாப்பாடு பற்றித்தான் எங்கள் பேச்சு. இரண்டு பேருடைய பிரெஞ்சும் அதற்குப் போதுமானது. ஒருநாள் தன் தாயின் சமையலைப் பற்றிச் சொல்லும்போது கைத்தொலைபேசியில் ஒரு கீரைப்பாத்தியின் படத்தைக் காட்டினார். ஐந்து விரல் இலை, வெள்ளைப் பூ, பூனைமீசை.

“இது எங்கட ஊரிலை குப்பையிலை முளைக்கிறது” என்றேன்.

“எங்கள் ஊரிலும்தான்” என்றார். “ஆனால் அங்கே அதை விட்டுவைக்கமாட்டார்கள்.”

அவருடைய மோரே மொழியில் அதன் பெயர் கெனெப்தோ. புளிச்சை போன்ற இன்னொரு இலையும் வேறு கீரைகளும் கெனெப்தோவும் சேர்த்து, இருக்கிற கொஞ்சத் தானியத்தை இடித்துப் போட்டு ஆக்குவது ‘பபெண்டா’ என்னும் உணவு. பழைய தானியம் முடிந்து புதிய தானியம் வராத மழைக்கால மாதங்களில் குடும்பங்களை உயிரோடு வைத்திருந்த சாப்பாடு அது. இப்போது தலைநகரில் காசு கொடுத்தும் அதை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு எங்கள் ஊர் இலைக்கஞ்சி நினைவுக்கு வந்தது. முல்லை, முசுட்டை, தூதுவளை என்று வேலியில் கிடைக்கிற இலைகளைக் கொய்து, கொஞ்ச அரிசியோடு பெரிய சட்டியில் காய்ச்சும் கஞ்சி. இரண்டும் ஒரே கணக்கு: தானியம் குறைய இலை கூடும்.

பிறகு தேடித் தேடிப் படித்ததில் இந்தக் கீரையின் ஆபிரிக்கப் பரப்பு எனக்கு வியப்பைத் தந்தது. கென்யாவில் லுவோ மக்கள் டெக் என்கிறார்கள்; கிஸீ மக்கள் சின்சாகா என்கிறார்கள். சுவாகிலி மொழியில் ம்காகனி. ருவாண்டாவில் இசோகி. சிம்பாப்வேயின் ஷோனா மக்களுக்கு ஞெவ்வே. தென்னாபிரிக்காவின் வடபகுதியில் லெரோத்தோ. பல இடங்களில் மழைக்காலத்தில் அவித்துக் காயவைத்துக் கோடைக்குச் சேமிக்கிறார்கள். நமீபியாவின் வடக்கில் அடைபோலத் தட்டிக் காயவைக்கிறார்கள். கென்யாவின் மேற்கே பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இரத்தம் ஊற இதைக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. எங்கள் பாட்டில் கைம்பெண்ணின் தட்டில் கிடந்தது, அங்கே பிரசவித்தவளின் தட்டில் இருக்கிறது.

என்னை இன்னும் அதிகமாக நிறுத்திவைத்த செய்தி சமையல் முறை. வேளை கசக்கும். கடுகுக்கும் கோவாவுக்கும் உறவான குடும்பத்துச் செடி இது. அவற்றின் காரத்தைத் தருகின்ற கந்தகச் சேர்மங்கள் இதிலும் உண்டு, துவர்ப்பும் உண்டு. கென்யப் பெண்கள் இலையை அவித்துத் தண்ணீரை வடித்து, பால் அல்லது பாலாடை விட்டுச் சட்டியில் ஓரிரவு வைத்து, மறுநாள் சூடாக்கிப் பரிமாறுகிறார்கள். பால் கசப்பை அடக்கிவிடுகிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பாண்டி நாட்டு இடைப்பெண் வேளைப்பூவைத் தயிரில் சேர்த்ததற்கும் இதுவேதான் காரணமாயிருக்கவேண்டும். இந்தப் பெண்களும் அந்தப் பெண்ணும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றிருக்கத் தேவையில்லை. மாடும் குப்பையும் கசப்புக்கீரையும் பசியும் ஒரே முற்றத்தில் இருந்தால் அங்கே ஒரு பெண் இதைக் கண்டுபிடித்துவிடுவாள். ஆபிரிக்காவும் தென்னாசியாவும் இரண்டுமே இச்செடியின் பழைய இருப்பிடங்கள். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று உரிமை கொண்டாட இதில் எதுவும் இல்லை.

*

அப்படியானால் எங்களிடம் மட்டும் ஏன் மறைந்தது? முழுவதும் மறையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தலைக்குத்துக்கு இலையை அரைத்துப் பற்றுப் போடவும், காதுக்குத்துக்குச் சாறு விடவும் எங்கள் வைத்தியத்தில் வேளைக்கு இடம் இருந்தது. மருந்தாக இருந்ததை மதித்தார்கள். கறியாக இருந்ததை மறைத்தார்கள். சிறுபாணாற்றுப்படையின் சாத்திய கதவு பிறகு திறக்கப்படவேயில்லை போலும்.

ஆபிரிக்காவிலும் இந்தக் கதவு சாத்தப்படத்தான் பார்த்தது. வெள்ளையர் ஆட்சியோடு கோவாவும் கரட்டும் வந்தன. பள்ளிக்கூடத் தோட்டத்தில் கோவா நட்டார்கள். ஊர்க்கீரைகள் களைகள் என்ற பட்டியலுக்குப் போயின. கென்ய நகரங்களில் ‘சுக்குமா விக்கி’ என்னும் கோவா இனக் கீரை மலிவு உணவாகியது. வாரத்தைத் தள்ளிவிடு என்பது அந்தப் பெயரின் பொருள். சம்பளம் வரும்வரை இழுத்துப்பிடிக்கும் உணவு என்ற கருத்து. டெக்கும் சின்சாகாவும் பட்டிக்காட்டுக் கிழவிகளின் சாப்பாடு என்று நகரத்துப் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள்.

அங்கே நிலைமை திரும்பியது 1990களில். ஊர்க்கீரைகளைச் சேகரித்து, விதை திருத்தி, விவசாயப் பெண்களிடம் திருப்பிக் கொடுக்கும் வேலைகள் தொடங்கின. உரோமைத் தளமாகக் கொண்ட சர்வதேச தாவர மரபுவள நிறுவனம் 1997இல் இந்த ஒரு செடிக்கே தனிநூல் வெளியிட்டது. அதை எழுதிய இருவரில் ஒருவர் நைரோபிப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் செவேயா. மேரி அபுகுட்சா ஒன்யாங்கோ என்ற கென்யப் பேராசிரியை தன் வாழ்நாளையே ஊர்க்கீரைகளுக்குக் கொடுத்தார். பாலும் முட்டையும் மீனும் ஒத்துக்கொள்ளாத உடம்போடு பிறந்து, சிறுவயதில் ஊர்க்கீரைகளை உண்டே வளர்ந்தவர் அவர். 2010இல் ஆபிரிக்க ஒன்றியம் அவருக்கு அறிவியல் விருது கொடுத்தது. இன்று நைரோபியின் பெரிய கடைகளில் இக்கீரை கட்டுக்கட்டாக விற்கப்படுகிறது.

விஞ்ஞானிகளுக்கும் இதில் வேறொரு கண். வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் குறைந்த நீரோடு கூடுதலாக வளரும் ஒளித்தொகுப்பு முறை சில செடிகளுக்கு உண்டு. சோளத்துக்கும் கரும்புக்கும் அது உண்டு, நெல்லுக்கு இல்லை. வேளைக்கு உண்டு. அம்முறை எப்படி உருவானது என்று அறிவதற்குக் கேம்பிரிட்ஜில் உள்ளவர்கள் இந்தச் செடியை வளர்த்து ஆராய்ந்தார்கள். 2023இல் இதன் மரபணுத்தொகுதி முழுவதும் படித்து வெளியிடப்பட்டது. நெல்லில்லாத வீட்டார் கிள்ளித் தின்ற கீரையிடம் இன்று நெல்லைத் திருத்தும் வழியைக் கேட்கிறார்கள்.

எங்கள் ஆட்கள் போன இடங்களிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. அடிமைமுறை ஒழிந்தபின், 1860இல் பிரித்தானியரோடு செய்த ஒப்பந்தத்தின்மூலம் பிரான்ஸ் ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் பிரித்தானிய இந்தியாவிலிருந்தும் கூலிகளை எடுத்தது. 1882வரை அது நடந்தது. தமிழர்கள் பெருந்தொகையாகப் போனார்கள். அந்தத் தீவில் கீரை எல்லாவற்றுக்கும் ‘பிரேட்’ என்று பெயர். போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். முருங்கை இலையை அவர்கள் ‘பிரேட் மூரூம்’ என்கிறார்கள். எங்கள் சொல் தேய்ந்தாலும் உயிரோடு இருக்கிறது. வேளைக்கு அங்கே ‘பிரேட் காயா’ என்று பெயர். ஆபிரிக்காவிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களும், நாகபட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் அருகிலிருந்து போனவர்களும் ஒரே தோட்டத்தில் கரும்பு வெட்டினார்கள். குப்பையில் நின்ற இந்தச் செடியை இரண்டு பகுதியாரும் பார்த்தவுடன் அடையாளம் கண்டிருப்பார்கள்.

*

லாச்சப்பலில் மெற்றோவை விட்டு இறங்கி, போபூர் செந்தெனி வீதியில் நடந்தால், எங்கள் கடை வாசல்களில் முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் விமானத்தில் வந்து பெட்டிகளில் கிடக்கின்றன. அங்கிருந்து பார்பெஸ் தாண்டிக் கால்மணி நேரம் நடந்தால் சாத்தோ றூஜ். அங்கே ஆபிரிக்கர்களின் கடைகளில் மரவள்ளி இலையும் புளிச்சையும் வேறு பெயர் தெரியாத இலைகளும் குவிந்திருக்கும். இரண்டு இடத்திலும் எங்கள் பெண்களும் அவர்களுடைய பெண்களும் ஒரே விதமாகத்தான் கட்டை எடுத்துப் பிரட்டிப் பார்த்து, பழுத்த இலை இருந்தால் திரும்ப வைக்கிறார்கள். வேளையை நான் எங்கள் கடைகளில் கண்டதில்லை. ஊர்ச் சந்தையிலும் கண்டதில்லை. விலைக்கு வராத கீரை விமானம் ஏறாது.

எனக்கு வேளையைக் காட்டித்தந்தவர் அம்மம்மா. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் எதையெல்லாம் கறியாக்கின என்பதற்கு எந்தக் கச்சேரியிலும் பதிவு இருக்காது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் மழைக்குள் எழுந்து நடந்தபோது எனக்கு ஏழு வயது. நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சியில், பழக்கமில்லாத ஒரு வளவில், பல குடும்பங்களோடு ஒரு கொட்டிலில் இருந்தோம். மாரி நல்லாய்ப் பெய்த வருடம். அம்மம்மா காலையில் ஒரு சுளகோடு வேலிப்பக்கம் போவார். வெள்ளைப் பூ என்றால் கிள்ளலாம், மஞ்சள் என்றால் விடு என்பார். நுனிக் கொழுந்து மட்டும். அவித்த முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு, தேங்காய்ப்பூ கிடைத்த நாளில் வறை, கிடைக்காத நாளில் புளி விட்டு ஒரு கறி. இதை அவர் ஒரு துயரக்கதையாக ஒருபோதும் சொன்னதில்லை. தெரிந்த வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

அந்த வளவின் சொந்தக்காரிக்கு வேளை தின்னலாம் என்பது தெரியாது. தெரியாதவர் முன்னால் சட்டியை இறக்க என் தாய்க்கு வெட்கமாக இருந்தது. அம்மம்மாவுக்கு இருக்கவில்லை. மூன்றாம் நாள் சொந்தக்காரி ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றார்.

பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி இடையில் விட்டவன் நான். படித்த காலத்தில் இடப்பெயர்வு என்பது எங்களுக்குத் தொகைகளாகத்தான் சொல்லித்தரப்பட்டது: எத்தனை இலட்சம் பேர், எத்தனை முகாம், எத்தனை ஏக்கர். அவை வேண்டும், அவை இல்லாமல் நியாயம் கேட்கமுடியாது. ஆனால் இடம்பெயர்ந்தபோது அறிவும் இடம்பெயர்ந்தது. எந்த வேலியில் எந்த இலை எந்த மாதத்தில் பிஞ்சாக இருக்கும் என்ற அறிவு அந்த வேலியோடு கட்டப்பட்டது. வேலியை விட்டுப் போனவளுக்கு முகாமில் கோதுமை மாவும் பருப்பும் கொடுத்தார்கள். முகாமில் பிறந்த பிள்ளைக்கு அவள் காட்டுவதற்குச் செடி இருக்கவில்லை. ஒரு தலைமுறை அப்படிப் போனால் அறிவு முறிந்துவிடும். அதற்கு யாரும் நட்டஈட்டுப் படிவம் நிரப்புவதில்லை.

வெட்கம் செய்த வேலை இன்னொன்று. இங்கே நாங்களும் கதவைச் சாத்திக்கொண்டுதான் உண்கிறோம். ஊருக்கு அனுப்புகிற படத்தில் கோபுரமும் குளிர்ச்சட்டையும் இருக்கும். ஆறு பேர் பகிர்ந்த அறையும், இரவு வேலை முடிந்து எச்சிற்கோப்பைகள் கழுவிய கையோடு நின்றபடி உண்ட பாணும் இருக்காது. அந்தப் பாணன் வீட்டுப் பெண் யாருக்குப் பயந்து கதவைச் சாத்தினாள் என்பதற்குப் புலவர் ஒரு சொல்தான் சொல்கிறார்: மடவோர், அறியாதவர். வறுமை எவருக்கும் வரக்கூடியது என்பதை அறியாதவர்கள். வெட்கப்படவேண்டியவர்கள் அவர்கள் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நாங்கள் பள்ளியில் அந்த வரியை மனப்பாடம் செய்தோம், பொருளை விட்டுவிட்டோம்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட என் பெரியம்மா குடும்பத்தின் காணி போருக்குப் பின், கட்டம் கட்டமாக விடுவித்தபோது திரும்பக் கிடைத்தது. அந்தப் பகுதியில் இன்னமும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல்கூட இல்லை, கிணறு மட்டும் இருந்தது என்றார். பற்றையை இயந்திரம் விட்டுத் தள்ளினார்கள். முதல் மாரி பெய்தது.

“மாட்டுக்கொட்டில் எது, குசினி எது எண்டு ஒண்டும் தெரியேல்லையடா தம்பி. ஒரு மூலையிலை மட்டும் வேளை குமிஞ்சு நிண்டது. அப்ப அதுதான் கொட்டில் இருந்த பக்கமெண்டு உன்ரை பெரியப்பா சொன்னார். அதிலையிருந்து அளந்துதான் வீட்டுக்கு நிலையம் எடுத்தம்” என்று தொலைபேசியில் சொன்னார்.

கல்லாடனாரின் பெண்மான் கறித்த பூவும் இப்படியான ஒரு மூலையில் நின்றிருக்கலாம். ஆட்கள் போய்விட்டார்கள் என்பதற்கும், இங்கே ஆட்கள் இருந்தார்கள் என்பதற்கும் அதே செடிதான் சாட்சி சொல்கிறது.

இதை வாசிப்பவர்களில் பலருக்கு ஊரில் தாயோ பேத்தியாரோ இன்னும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் காசு, கலியாணம், காணி எல்லாம் கதைத்து முடிந்தபின் ஒரு கேள்வி கேளுங்கள்: சாமான் இல்லாத காலத்தில் என்னென்ன இலை கொய்து சமைத்தீர்கள், எந்த மாதம், முதல் தண்ணீரை ஊற்றினீர்களா விட்டீர்களா, எதைச் சேர்த்துக் கசப்பை எடுத்தீர்கள். சொல்லும் பெயரை அவர்கள் சொல்கிற உச்சரிப்பிலேயே எழுதி, ஊரின் பெயரையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். சங்கப் பாடல்கள் எழுதிவைத்தது சில சட்டிகளைத்தான். மிச்சம் எல்லாம் இன்னும் வாய்களில் இருக்கிறது, அந்த வாய்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.